பதினேழு சான்றிதழ் இருந்தும் ஏன் ஓர் அழைப்புகூட வரவில்லை?

தண்டையார்பேட்டையிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் அலுவலகமும் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

பி.காம். படித்தவர். பாரிமுனைப் பக்கம் ஒரு ஃப்ரெய்ட் ஃபார்வர்டிங் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும்) அலுவலகத்தில் ஐந்து வருடமாக எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பார்க்கிறார். சம்பளம் 21,000 ரூபாய். கணவருக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை, மகளுக்கு ஐந்து வயது. குழந்தை தூங்கிய பிறகு செல்போனில் இலவச வகுப்புகள் பார்த்து இரண்டு வருடத்தில் 17 சான்றிதழ் வாங்கிவிட்டார். டிஜிட்டல் மார்க்கெட்டிங், பைத்தான் அறிமுகம், டைம் மேனேஜ்மென்ட், சப்ளை செயின் என்று எல்லாம் கலந்தது. அத்தனையையும் லிங்க்ட்இன்னில் ஏற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை.

போன மாதம், தனியாகக் கையாண்ட முதல் ஷிப்மென்ட் கிளம்பிய சந்தோஷத்தில், திரையில் இருந்த பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் சரக்குக்கான முக்கிய ஆவணம்) டிராஃப்டைப் படமெடுத்து லிங்க்ட்இன்னில் போட்டிருக்கிறார். ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) பெயர், கன்சைனி (பெறுபவர்) பெயர், புக்கிங் எண் எல்லாம் அதில் தெரிந்திருக்கிறது. மேனேஜர் கூப்பிட்டுச் சத்தம் போட்டுவிட்டு ஒரு கடிதத்தை நீட்டியிருக்கிறார். 'எந்தச் சமூக ஊடகத்திலும் கணக்கு வைத்திருக்க மாட்டேன், மீறினால் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீக்கலாம்' என்பது அதன் சாரம். பதிவை அன்றே நீக்கிவிட்டார், கையெழுத்து இன்னும் போடவில்லை.

இதற்கு நடுவில் டெலிகிராமில் ஒரு குரூப், 'இன்டர்நேஷனல் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ, 100% வேலை' என்று சொல்லி 38,500 ரூபாய் கேட்கிறது. சீட் பிடிக்க 5,000 கட்டியாகிவிட்டது. மீதியை இந்த மாதத்துக்குள் கட்டச் சொல்லி நெருக்குகிறார்கள். கடைசியாக ஒரு வரி: 'நம்ம ஏரியா பேரைப் பார்த்தாலே ஒதுக்குறாங்களோன்னு பயந்து, ரெஸ்யூமேல அண்ணா நகர்னு போட்டிருக்கேன். தப்பா?'

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அவசரமானவை இரண்டு: மேனேஜரின் கடிதம், மீதிப் பணம். அவற்றை முதலில் முடித்துவிட்டு, ஏன் அழைப்பு வரவில்லை என்பதற்கு வருகிறேன்.

கையெழுத்துப் போடலாமா?

மேனேஜரின் கோபத்தில் பாதி நியாயம். அதை ஒப்புக்கொண்டால்தான் மீதிப் பாதியை நீங்கள் எதிர்க்க முடியும். ஒரு ஷிப்பரின் வெளிநாட்டு வாங்குபவர் யார் என்பது ஃபார்வர்டிங் தொழிலில் ரகசியம். போட்டி நிறுவனம் அந்தப் பெயரைப் பார்த்தால் நேராக ஷிப்பரைத் தொடர்புகொண்டு குறைந்த ரேட் சொல்லும். அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. புக்கிங் எண், கப்பல் பெயர், இரு தரப்புப் பெயர் மூன்றும் கையில் கிடைத்தால், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வாங்குபவருக்கு நம்பும்படி ஒரு போலி மெயில் அனுப்ப அது போதும். நீங்கள் போட்டது மகிழ்ச்சிப் படம். மோசடிக்காரர் கண்ணுக்கு அது வேறு சரக்கு.

ஆனால் வாடிக்கையாளர் விவரத்தை வெளியிடாதே என்று சொல்லத்தான் அலுவலகத்துக்கு உரிமை இருக்கிறது. உங்கள் சொந்தப் பெயரில், சொந்த மெயிலில் உள்ள கணக்கை மூடு என்று கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அதற்குக் கொடுக்கவில்லை. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட நியமன ஆர்டரில் சமூக ஊடகம் பற்றி ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று முதலில் எடுத்துப் பாருங்கள். இருந்தால் அது எதைத் தடுக்கிறது என்பதை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

'முன்னறிவிப்பின்றி நீக்கலாம்' என்ற வரிதான் கவலைக்குரியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆவது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதானால் விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கினால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு, ஆனால் காலக்கெடு குறுகியது. இப்படிப்பட்ட கடிதத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டால் சட்டம் தரும் உரிமை போய்விடாது. ஆனாலும் நாளைக்கு உங்கள் எதிரில் எடுத்துக் காட்ட அவர்களிடம் ஒரு தாள் இருக்கும்.

மறுத்துச் சண்டை போடவும் வேண்டாம். மாற்று வாசகம் ஒன்றை நீங்களே மெயிலில் எழுதிக் கொடுங்கள். மூன்று வரி போதும். இன்ன தேதியில் போட்ட பதிவில் வாடிக்கையாளர் விவரம் இருந்தது தவறு, அன்றே நீக்கிவிட்டேன். இனி அலுவலக ஆவணம், வாடிக்கையாளர் பெயர், ரேட் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிட மாட்டேன். என் தனிப்பட்ட கணக்கில் அலுவலகம் தொடர்பான பதிவு எதுவும் இருக்காது. பெரும்பாலான மேனேஜர்களுக்கு வேண்டியது இதுதான்; மேலே இருப்பவருக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவே. அந்த மெயிலின் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வெளியீடுதான் என்பதையும் மறக்க வேண்டாம். 'ஃபேமிலிதானே பார்க்குது' என்று அதில் போகும் படங்கள் அதிகம்.

விஷயம் முற்றினால், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. எண் 15100. நேரில் போய்க் கேட்பதென்றாலும், உயர் நீதிமன்ற வளாகம் உங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம்.

மீதி 33,500 ரூபாய்

கட்டாதீர்கள். அதாவது, கீழே உள்ளவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்வரை கட்டாதீர்கள்.

டிப்ளமோவை வழங்கும் அமைப்பு எது, அதை அங்கீகரித்தது யார் என்று கேளுங்கள். 'ஸ்கில் இந்தியா' என்று சொன்னால், தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமமான என்.சி.வி.இ.டி.யின் தகுதிப் பதிவேட்டில் அந்தப் பாடத்தின் பெயரை நீங்களே தேடலாம், இலவசம். '100% வேலை' என்றால் எந்தப் பதவி, என்ன சம்பளம், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள்? 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்று வார்த்தை மாறி வந்தால் உத்தரவாதம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் ஜி.எஸ்.டி. தளத்தில் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும், தேடினால் நிறுவனத்தின் பதிவுப் பெயர் வரும். எண் இல்லாததாலேயே மோசடி என்று ஆகிவிடாது. சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. எண் தந்து, அது வேறு யாருடையதோவாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பணம் போன யூ.பி.ஐ. ஐ.டி. நிறுவனப் பெயரில் இருக்கிறதா, தனி ஆள் பெயரிலா என்பதையும் பாருங்கள்.

பதில் வராவிட்டால் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டுத் தேதியோடு மெயில் அனுப்புங்கள். டெலிகிராம் உரையாடலை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இரு பக்கச் செய்தியையும் ஒருவரே அழித்துவிட முடியும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணம் கிடையாது. திட்டமிட்டு ஏமாற்றியது தெளிவாகத் தெரிந்தால், அதாவது நிறுவனமே இல்லை, எண் அணைந்துவிட்டது என்றால், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். உங்கள் விஷயத்தில் நாளாகிவிட்டது, இருந்தாலும் பதிவு செய்வதில் இழப்பு இல்லை.

17 சான்றிதழும் ஒரு தலைப்பும்

இனி உங்கள் முதல் கேள்வி. இலவசச் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அது சரியல்ல. உங்கள் 17-ம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கதை சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. பைத்தான், மார்க்கெட்டிங், டைம் மேனேஜ்மென்ட் என்று வரிசையாகப் பார்க்கும் ஒரு லைனர் (கப்பல் நிறுவன) அலுவலக ஹெச்.ஆருக்கு, 'இவர் என்னவாக ஆக விரும்புகிறார்' என்பது புரியாது. கூடவே, வீடியோவை ஓடவிட்டுப் பத்துக் கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்லி வாங்கும் சான்றிதழ் எது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வரும் என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும்) பாடங்களை மட்டும் வேறு தட்டில் வையுங்கள். பாடம் இலவசம்; தேர்வு எழுத விரும்பினால் மட்டும் 1,000 ரூபாய். தேர்வை மையத்துக்குப் போய்க் கண்காணிப்பில் எழுத வேண்டும். வாராந்தர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். 25-க்கு 10, 75-க்கு 30 இரண்டும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: தேர்வு மாதம் வரும்போது படித்துக்கொள்ளலாம் என்று அசைன்மென்டை விட்டுவிடுவார்கள், கெடு முடிந்தால் அது திரும்ப வராது. எட்டு வாரப் பாடம் ஒன்றை எடுத்து முழுதாக முடியுங்கள். ஏற்றுமதித் துறைக்கென்றே, ஜெனீவாவில் உள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் எஸ்எம்இ டிரேட் அகாடமியிலும் இலவசப் பாடங்கள் உண்டு. இந்த இரண்டைத் தவிர மற்றவற்றை லிங்க்ட்இன்னிலிருந்து எடுத்துவிடலாம்.

எதைப் படிப்பது என்பதையும் யூடியூபின் பரிந்துரை தீர்மானிக்க வேண்டாம். சென்னையில் நீங்கள் ஆசைப்படும் பதவிக்கு வந்த 20 வேலை விளம்பரங்களைத் திரட்டி, கூகுள் ஷீட்டில் ஒரு வரிசைக்கு ஒன்றாகப் போடுங்கள். பி.எல். டிராஃப்ட், ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸுக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்), விஜிஎம் (கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை), ஃபார்ம் 13 (துறைமுக வாயில் அனுமதித் தாள்), எக்ஸெல், ஆங்கில மெயில், எச்எஸ் கோடு (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) என்று தலைப்புகள் வைத்து, கேட்டிருந்தால் 1 என்று குறியுங்கள். கூட்டிப் பார்த்தால் எது அதிகம் கேட்கப்படுகிறது, அதில் உங்களுக்குத் தெரியாதது எது என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தை வைத்து ஊகிப்பதென்றால், இரண்டுதான் குறையாக நிற்கும்: எக்ஸெலும் ஆங்கில மெயிலும்.

லிங்க்ட்இன் தலைப்பில் 'ஆஸ்பைரிங் லாஜிஸ்டிக்ஸ் ப்ரொஃபெஷனல்' என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் வேலை பார்த்தவர் ஏன் 'ஆசைப்படுகிறவர்' என்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்? ஆள் தேடுபவர்கள் திறன் சொற்களைத் தட்டித்தான் தேடுகிறார்கள். தலைப்புக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. 'எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன், 5 வருடம், பி.எல்., விஜிஎம், ஷிப்பிங் பில் செக்லிஸ்ட், சென்னை – எண்ணூர் – காட்டுப்பள்ளி' என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள். மாற்றும் முன் செட்டிங்ஸில், புரொஃபைல் மாற்றங்களை மற்றவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தமும் மேனேஜர் கண்ணில் படும். 'ஓப்பன் டு வொர்க்' குறியை 'ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்' என்று வைக்கலாம். அப்போதும் அது முழு ரகசியம் என்று லிங்க்ட்இன்னே உறுதி தருவதில்லை. தம்புச்செட்டித் தெருவில் காலையில் சொன்னது மாலையில் லிங்கிச்செட்டித் தெருவுக்கு வந்துவிடும் தொழில் இது. தற்போதைய சூழ்நிலையில் இரண்டு மாதத்துக்கு அந்தக் குறியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

அப்படியானால் எதைப் பதிவிடுவது?

அலுவலகத் தாள் ஒன்றுகூட இல்லாமல், உங்கள் திறமையை மட்டும் காட்டும் ஒன்றைச் செய்ய முடியும். ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். எக்ஸெல் பயிற்சியும் இதிலேயே அடங்கிவிடும்.

கன்டெய்னர் எண்ணை நீங்கள் தினமும் தட்டுகிறீர்கள்: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் ஐஎஸ்ஓ 6346 தரப்படி முதல் பத்திலிருந்து கணக்கிடப்படுவது. தட்டச்சுப் பிழையைப் பிடிக்கவே அது இருக்கிறது. கணக்கு இப்படி: ஏ என்றால் 10, பி என்றால் 12, இப்படியே இசட் 38 வரை, நடுவில் 11, 22, 33 ஆகியவை வராது. எண்கள் அப்படியே. முதல் இடத்தை 1-ஆல் பெருக்கு, அடுத்ததை 2, பிறகு 4, 8, 16 என்று பத்தாவது இடத்தில் 512 வரை. கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0.

பாடங்களில் வழக்கமாகக் காட்டும் எண் சி-எஸ்-க்யூ-யு 305438-3. எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. பெருக்கிக் கூட்டினால் 6,185. பதினொன்றால் வகுத்தால் மீதி 3. சரி. இப்போது அவசரத்தில் 305438 என்பதை 305348 என்று தட்டிவிட்டதாக வையுங்கள். கூட்டல் 6,313 ஆகும், மீதி 10, ஆகவே கடைசி இலக்கம் 0 ஆக இருக்க வேண்டும். தாளில் 3 இருக்கிறது. பிழை அங்கேயே பிடிபட்டது.

ஷீட்டில் செய்ய: இரண்டாவது தாளில் எழுத்துகளையும் மதிப்புகளையும் அட்டவணையாகப் போடுங்கள். 'மிட்' ஃபார்முலாவால் எண்ணைப் பத்துக் கட்டமாகப் பிரியுங்கள். எழுத்துக்கு 'விலுக்கப்' (அட்டவணையில் மதிப்பைத் தேடித் தரும்), இலக்கத்துக்கு 'வேல்யூ'. 'மிட்' தருவது எண் போலத் தெரிந்தாலும் அது எழுத்துதான். 'வேல்யூ' போடாவிட்டால் கூட்டல் தவறும், முதன்முறை செய்பவர்கள் தடுமாறும் இடம் இது. 1 முதல் 512 வரை உள்ள வரிசையோடு 'சம்ப்ராடக்ட்' (பெருக்கிக் கூட்டும்), பிறகு 11-க்கு 'மாட்' (வகுத்த மீதியைத் தரும்), அதன் மேல் 10-க்கு இன்னொரு 'மாட்'. மீதி 10 வரும்போது 0 ஆக்கும் வேலையை அந்த இரண்டாவது 'மாட்' பார்த்துக்கொள்ளும். மெயிலிலிருந்து ஒட்டும் எண்ணின் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், அதனால் முதலில் அதை நீக்கும் 'ட்ரிம்', பிறகு நீளத்தை எண்ணும் 'லென்' போட்டு 11 இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து ஓ-வும் சுழியமும் மாறுவது இன்னொரு வழக்கமான கோளாறு.

இந்த ஷீட்டுக்கும் எல்லை உண்டு. எண்ணின் அமைப்பு சரியா என்றுதான் அது சொல்லும். அந்தப் பெட்டி உங்கள் புக்கிங்கைச் சேர்ந்ததா என்று சொல்லாது. இதையும் பதிவில் எழுதுங்கள். தன் கருவியின் எல்லையைச் சொல்பவரை இந்தத் துறையில் மதிப்பார்கள். பி.எல்., ஷிப்பிங் பில், இஜிஎம் (கப்பல் கிளம்பும்போது கஸ்டம்ஸுக்குத் தரும் சரக்குப் பட்டியல்) மூன்றிலும் கன்டெய்னர் எண் ஒத்துப்போகாவிட்டால் திருத்தக் கட்டணமும் ஏற்றுமதியாளரின் ரீஃபண்ட் தாமதமும் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு வரியோடு ஷீட்டின் படத்தைப் போட்டால், 17 சான்றிதழ் செய்யாத வேலையை அது செய்யும்.

அடுத்தடுத்துப் போட விஷயம் உங்கள் மேஜையிலேயே கிடக்கிறது. மிளகாய் வற்றலின் எச்எஸ் கோடு 0904 என்று தொடங்குவது. கட்டத்தை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' ஆக்காவிட்டால் முன்னால் இருக்கும் சுழியத்தை எக்ஸெல் விழுங்கி எட்டு இலக்கம் ஏழாகிவிடுவது. ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) ரீஃபண்டில் எஸ்பி005 பிழை ஏன் வருகிறது, அதாவது ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கையில் உள்ள எண்ணும் ஒரு சிறுகோடு, ஒரு சாய்கோடு மாறினாலும் சிக்குவது. 2016 ஜூலை 1 முதல் கட்டாயமான விஜிஎம்-இன் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு. மாதம் இரண்டு பதிவு தாராளம்.

மாதிரி ஆவணமும் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கக் கற்பனைப் பெயர்களில். 4,800 பருத்தி டி-ஷர்ட், எச்எஸ் கோடு 61091000, அட்டைப்பெட்டிக்கு 40 வீதம் 120 பெட்டி. பெட்டி 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் என்றால் ஒன்று 0.096 சிபிஎம் (கன மீட்டர்), மொத்தம் 11.52. இருபதடி கன்டெய்னர் பாதிகூட நிரம்பாது, ஆகவே எல்சிஎல்-ஆ (மற்றவர் சரக்கோடு பகிர்வது) எஃப்சிஎல்-ஆ (முழு கன்டெய்னர்) என்று ரேட் ஒப்பிட வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். டிராஃப்ட் மூன்றிலும் பெட்டி எண்ணிக்கையும் எடையும் ஒத்துப்போக வேண்டும். இன்டர்வியூவில் 'என்ன தெரியும்' என்று கேட்டால் இதை எடுத்து நீட்டலாம். பழைய அலுவலகக் கோப்பில் பெயரை மட்டும் மாற்றித் தயாரிக்க வேண்டாம். கோப்பின் உள்விவரத்தில் பழைய பெயர் தங்கிவிடும். வெற்றுத் தாளில் தொடங்குங்கள்.

ஏஐ கருவிகள்

ஆங்கிலம் வராததால்தான் பின்தங்குகிறேன் என்கிறீர்கள். லைனருக்கு எழுதும் மெயிலில் இலக்கியம் தேவையில்லை. நாற்பது ஐம்பது வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலும் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். 'எனக்கு மெயில் எழுதிக் கொடு' என்று கேட்டால் எதுவும் கற்க மாட்டீர்கள். நீங்களே எழுதி, 'இதில் முக்கியமான மூன்று பிழையை மட்டும் காட்டு, ஏன் பிழை என்று தமிழில் சொல்' என்று கேளுங்கள். கப்பல் பெயர், ஷிப்பர் பெயர், எண்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மேனேஜர் விஷயத்தில் இப்போதுதான் சூடு பட்டிருக்கிறீர்கள், இதுவும் வெளியாருக்குக் கொடுப்பதுதான்.

எச்எஸ் கோடு கேட்டால் ஏஐ தயங்காமல் ஒன்றைச் சொல்லும். பாதி நேரம் ஆறு இலக்கம் சரியாக இருந்து இந்தியாவின் கடைசி இரண்டு இலக்கம் தவறாக இருக்கும். மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியமான சிபிஐசியின் தளத்தில் உள்ள கஸ்டம்ஸ் டாரிஃபில் (வரி அட்டவணையில்) அந்த அத்தியாயத்தின் தொடக்கக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, மெட்ரோவில் படிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் மண்ணடி. இயர்போன் சிக்கலை எடுப்பதற்குள் இறங்க வேண்டியதுதான். வாரத்தில் மூன்று இரவு, நாற்பது நிமிடம், கையில் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கணவருக்குப் பகல் ஷிஃப்ட் இல்லாத நாள் ஒன்றில் வெளியே உட்கார இடம் வேண்டுமென்றால், கொளத்தூரில் உள்ள முதல்வர் படைப்பகத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் கணினி வைத்து வேலை செய்ய இடம் தருகிறார்கள்.

தண்டையார்பேட்டை

தப்பா என்று கேட்டீர்கள். ஆமாம், மாற்றிவிடுங்கள். வேலை உறுதியானதும் பின்னணிச் சரிபார்ப்பில் ஆதாருடன் முகவரியை ஒப்பிடுவார்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இந்தப் பொய் ஒன்றில் ஆஃபர் நின்றுவிடலாம். முகவரியைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ரெஸ்யூமேயில் 'சென்னை' என்று மட்டும் போடலாம், அது பொய் அல்ல. சில இடங்களில் வடசென்னை என்றதும் முகம் மாறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தேடும் வேலை எங்கே இருக்கிறது? துறைமுகம், ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ், மணலி – மாதவரம் சிஎஃப்எஸ்கள் (கன்டெய்னர் சரக்கு நிலையங்கள்), எண்ணூர், காட்டுப்பள்ளி. கட்-ஆஃப் (ஆவணம் கொடுக்கும் கெடு) நேரத்தில் ஒரு தாள் திருத்த வேண்டுமென்றால், அண்ணா நகரில் இருப்பவரைவிடத் தண்டையார்பேட்டையில் இருப்பவர் அவர்களுக்கு வசதி.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். உங்கள் நிறுவனத்துக்குக் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் (வாடிக்கையாளருக்காகக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துத் தரும் உரிமம்), அதாவது பேச்சுவழக்கில் சிஎச்ஏ லைசென்ஸ், இருக்கிறதா? இருந்தால் 38,500 ரூபாய் டிப்ளமோவைவிட எடையுள்ள ஒன்று உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. கஸ்டம்ஸ் புரோக்கர்ஸ் லைசென்சிங் ரெகுலேஷன்ஸ், 2018-இன்படி, புரோக்கரிடம் வேலை செய்பவர்கள் கஸ்டம்ஸ் நடத்தும் தேர்வை எழுதி ஜி கார்டு பெறலாம். தேர்ச்சி பெறும் முன் உதவிக்கு நிற்பவர்களுக்கு எச் கார்டு. ஜி கார்டு இருப்பவர் ஆவணங்களில் கையெழுத்திடலாம், சம்பளமும் அதற்கேற்ப மாறும். தேர்வுக்குப் படிக்க வேண்டிய கஸ்டம்ஸ் சட்டம், 1962, இந்த ரெகுலேஷன்ஸ், டாரிஃப் எல்லாமே சிபிஐசி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஷிப்பிங் பில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பார்த்துப் பழகலாம். ஆனால் விண்ணப்பம் லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும், தனியாக எழுத முடியாது. லைசென்ஸ் இல்லாத ஃபார்வர்டர் என்றால், அடுத்த வேலை தேடும்போது அது இருக்கும் நிறுவனமாகப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

இருக்கிறது என்றால் மேனேஜரிடம் கேட்க வேண்டியிருக்கும். மன்னிப்பு மெயில் கொடுக்கும் அன்றே கேட்காதீர்கள். மூன்று நான்கு வாரம் விட்டு, கன்டெய்னர் எண் சரிபார்க்கும் ஷீட்டை அலுவலகக் கணினியிலேயே புதிதாக ஒன்று செய்து பக்கத்து மேஜைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஜி கார்டு பற்றிப் பேசுங்கள்.